குறிப்பேட்டைப் பார்க்காத நிபுணரை நேரில் அழையுங்கள்

விசாரணைக் குழுத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். கிணற்று நீரில் உள்ள நைத்திரேற்று (உரத்திலிருந்து நீரில் சேர்வது, மிகுந்தால் கைக்குழந்தைகளுக்குக் கேடு) பற்றிய என் பேராசிரியரின் ஆய்வுக் கட்டுரையில், நான் போகாத கிணறுகளுக்கும் அளவுகள் இருக்கின்றன என்பதே என் முறைப்பாடு.

மாதிரி எடுத்தவள் நான். கோப்பாய், உரும்பிராய், சுன்னாகம் என்று ஐஸ் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு திரிந்தேன். 42 கிணறுகள். திகதி, நேரம், தோட்டத்துக்கு எப்போது உரம் போட்டார்கள் என்பதுவரை குறிப்பேட்டில் எழுதினேன். மழையில் நனைந்த பக்கங்களை அடுப்படியில் காயவைத்தேன். கட்டுரையிலோ 60 கிணறுகள். அந்தக் குறிப்பேட்டைப் பொலித்தீன் பையில் சுற்றி மூன்று தடவை உங்கள் முன் கொண்டுவந்தேன். மூன்று தடவையும் ஒருவரும் பிரிக்காமலே திருப்பிக் கொண்டுபோனேன். நீங்கள் நியமித்த நிபுணர் அச்சான அட்டவணையை மட்டும் பார்த்துவிட்டு, எண்கள் இயல்பாக உள்ளன என்று ஒரு பக்கம் எழுதி அனுப்பினார். எண்ணைப் புனைபவர் இயல்பாகத் தெரியும்படிதானே புனைவார்?

அவரை நேரில் கூப்பிடுங்கள். குறிப்பேட்டை அவர் கையில் கொடுங்கள். இரு தரப்பும் அவரைக் கேள்வி கேட்கட்டும்.

நமது சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 45ஆம் பிரிவு விஞ்ஞான விடயத்தில் நிபுணர் கருத்தை ஏற்கிறது. 51ஆம் பிரிவோ, அந்தக் கருத்து எதன்மேல் நிற்கிறது என்பதையும் பார்க்க இடம் தருகிறது. அமெரிக்காவில், ஆய்வுத் தரவுகளைப் புனைந்தார் என்று குற்றஞ்சாட்டப்பட்ட விஞ்ஞானி தெரேசா இமானிஷி-காரியின் குறிப்பேட்டுத் தாள்களையும் மையையும் ஆராய்ந்த தடயவியல் நிபுணர்கள் அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னார்கள். மேன்முறையீட்டு விசாரணையில் அவர்களைக் குறுக்கு விசாரணை செய்தபோது அந்தச் சாட்சியம் நிற்கவில்லை. 1996இல் 19 குற்றச்சாட்டுகளும் தள்ளுபடியாகின. என் பேராசிரியர் தவறு செய்யவில்லை என்றால், அதே கேள்விகள் அவரையும் காப்பாற்றும்.

ஒப்பந்தத்தில் வேலை செய்கிற ஆய்வு உதவியாளர் வாய் திறந்தால் வேலை போய்விடும் என்பதை எல்லோரும் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். என் ஒப்பந்தமும் புதுப்பிக்கப்படவில்லை. சரி, அதை விடுங்கள். நான் போகாத அந்த 18 கிணறுகளைச் சேர்த்த பிறகுதான் நைத்திரேற்றின் சராசரி, குடிநீருக்கான லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லைக்குக் கீழே இறங்கியது. நான் மாதிரி எடுத்த வீடுகளில் அந்தத் தண்ணீரில்தான் கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கிறார்கள்.

ஆகவே தயவுசெய்து, முடிவு எழுதுவதற்கு முன் அந்த நிபுணரை நேரில் அழையுங்கள். குறிப்பேட்டோடு நானும் வருகிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் ஆய்வு உதவியாளர்,
யாழ்ப்பாணம்