வதனிக்கு, கூடாரத்தில் மூன்று இரவு

அன்பின் வதனி,

சுகமாக இருக்கிறாயா? போன ஞாயிறு தொலைபேசியில் நீ கேட்டதற்கு அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். சின்னவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே நின்றான். நாலு வயதுப் பிள்ளையைக் கூடாரத்தில் படுக்க வைக்கலாமா, குளிர் பிடித்து வருத்தம் வந்துவிடாதா என்று கேட்டாய். ஆறுதலாக எழுதுகிறேன் என்றேன். இப்போது இரண்டு பேரும் நல்ல நித்திரை. தேத்தண்ணியோடு இருந்து எழுதுகிறேன்.

ஆகஸ்ட் கடைசியில் அல்கோன்குவின் பூங்காவுக்குப் போனோம். ரொறொன்ரோவிலிருந்து வடக்கே காரில் மூன்று மணித்தியாலத்துக்கு மேல். பூங்கா என்றதும் ஊஞ்சலும் சறுக்குமரமும் உள்ள இடம் என்று நினைத்துவிடாதே. 1893-இல் ஒதுக்கிய பெருங்காடு அது. 7,600 சதுர கிலோமீற்றருக்கு மேல். எங்கள் யாழ்ப்பாண மாவட்டத்தைப் போல ஏழு மடங்கு. அதன் தெற்குப் பக்கமாக 60-ஆம் இலக்க நெடுஞ்சாலை 56 கிலோமீற்றர் ஓடுகிறது. அந்த வீதியோரம் இருக்கிற ரூ ரிவர்ஸ் ஏரிக்கரையில்தான் இடம் எடுத்தோம். சின்னப் பிள்ளைகளோடு முதல்முறை போகிறவர்களுக்கு இப்படியான இடம்தான் சரி. கார் கூடாரத்துக்குப் பக்கத்திலேயே நிற்கும், குழாய்த் தண்ணீர் உண்டு, கழிப்பறை உண்டு, ஆழமில்லாத மணற்கரை உண்டு. தோணியில் உள்ளே போய்த் தங்குவதெல்லாம் பிள்ளைகள் வளர்ந்த பிறகு.

அம்மா வரமாட்டேன் என்று ஒரு மாதம் பிடிவாதமாக இருந்தார். "காசும் குடுத்து ஏன் பிள்ளை தரப்பாளுக்குக் கீழ போய்ப் படுக்க வேணும்? நாங்கள் படுத்தது காணாதே?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. கடைசியில் மூத்தவள்தான் அம்மம்மா வராவிட்டால் தானும் போகவில்லை என்று அழுது கூட்டிக்கொண்டு வந்தாள்.

அங்கே நடந்ததை உனக்குச் சொல்லத்தான் வேண்டும். இவர் நெருப்பு மூட்டும் இடத்துக்குக் கிட்ட, மட்டமாக இருந்த நிலத்தில் கூடாரத்தை விரித்துவிட்டார். அம்மா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சுற்று நடந்தார். குனிந்து நிலத்தைப் பார்த்தார். பைன் மரத்து ஊசியிலைகள் அந்த இடத்தில் மட்டும் வரிவரியாக, பாய் பின்னினதுபோல ஒதுங்கிக் கிடந்தன. காலால் ஒரு வரியைத் தட்டிக் காட்டி, "இது தண்ணி ஓடின தடம் தம்பி. மழை வந்தால் இதாலதான் வரும். மேல ஏத்திப் போடுங்கோ" என்றார். வானத்தில் ஒரு முகில்கூட இல்லை. இருந்தாலும் இவர் மறுபேச்சுப் பேசாமல் எல்லாவற்றையும் சுருட்டி மேட்டில் போட்டார்.

இரண்டாம் இரவு கொட்டித் தீர்த்தது. விடிய எழும்பிப் பார்த்தால் முதலில் விரித்த இடத்தில் கணுக்காலளவு தண்ணீர். எங்கள் கூடாரத்துக்குக் கீழே நிலம் காய்ந்திருந்தது.

அந்த மழைக்குள் சின்னவன் விழித்துவிட்டான். பயத்தில் கையை நீட்டிக் கூடாரத் துணியைத் தொடப்போனான். அம்மா இருட்டுக்குள்ளேயே அவன் கையைப் பிடித்து, "தொடாதை ராசா, தொட்ட இடத்தால ஒழுகும்" என்றார். வதனி, எனக்கு உடம்பெல்லாம் ஒருமுறை சிலிர்த்தது. சண்டையால் யாழ்ப்பாணத்தை விட்டு எல்லாரும் இடம்பெயர்ந்த 1995 அக்டோபர் 30 இரவு நினைவிருக்கிறதா? அந்த மழையில் நாவற்குழிப் பக்கம் சனத்தோடு சனமாக நடந்து, பிறகு தென்மராட்சியில் உங்கள் வீட்டாரும் நாங்களும் ஒரே கான்வஸ் தரப்பாளுக்குக் கீழே கிடந்தபோது, எட்டு வயதில் நீயும் நானும் கேட்டது இதே வசனம், இதே குரல். அப்போது அம்மா இரவல் மண்வெட்டி வாங்கிச் சுற்றிவர வாய்க்கால் வெட்டினார். இங்கே நிலத்தைத் தோண்டக் கூடாது. அதனால்தான் மேட்டைத் தேடியிருக்கிறார். சின்னவன் ஒரு நிமிடத்தில் திரும்ப நித்திரையாகிவிட்டான். நான்தான் கனநேரம் விழித்துக் கிடந்தேன். என் பிள்ளைக்கு மழை இரவு என்றால் அம்மம்மாவின் கதகதப்பு என்று மட்டும் பதியட்டும் என்று மனம் கேட்டுக்கொண்டே இருந்தது.

சரி, நீ கேட்ட விஷயங்களுக்கு வருகிறேன்.

குளிர் மேலிருந்து வருவதைவிட நிலத்திலிருந்துதான் கூடுதலாக ஏறும். அங்கே ஆகஸ்டிலும் இரவில் 10 பாகைக்குக் கீழே இறங்கும். எத்தனை போர்வை போர்த்தாலும் கீழே தடித்த விரிப்பு இல்லாவிட்டால் பிள்ளை நடுங்கும். படுக்கப்போகுமுன் பகல் உடுப்பை முழுதாகக் கழற்றிவிட்டுக் காய்ந்த உடுப்புப் போடு. வியர்வை ஈரம்தான் குளிரைக் கொண்டுவருவது. கம்பளித் தொப்பியும் காலுறையும் கட்டாயம். சின்னவனின் சிறுநீர்ச் சட்டியைக் கூடாரத்து வாசலிலேயே வைத்துவிட்டேன். நடு இரவில் ரோச் லைட்டோடு கழிப்பறைக்கு நடக்க வைத்தால் பிள்ளைக்கு அதற்குப் பிறகு நித்திரை வராது.

கரடி பற்றிக் கேட்டாய். கறுப்புக் கரடிகள் அங்கே இருக்கின்றன. நாங்கள் காணவில்லை. மணம்தான் அவற்றைக் கூப்பிடும் என்பதால் சாப்பாடு, இனிப்பு, பற்பசைகூடக் கூடாரத்துக்குள் வைக்கக் கூடாது. எல்லாம் காருக்குள் பூட்டிவிட வேண்டும். மூத்தவள் ஒவ்வொரு இரவும் தம்பியின் காற்சட்டைப் பையைத் தடவிப் பார்த்தாள். ஒருநாள் உள்ளே பாதி பிஸ்கற் இருந்தது.

சமையலில் உன்னை வருத்தாதே. கோழியை மசாலாவில் ஊறவைத்து உறையவிட்டுக் கொண்டுபோனேன். முதல் நாள் அதுவே பெட்டிக்கு ஐஸ்கட்டி, இரண்டாம் நாள் நெருப்பில் கறி. ரொட்டியும் கட்டைச் சம்பலும் காலைக்கும் மாலைக்கும். விறகை மட்டும் அங்கேயே வாங்கினோம். மரங்களைத் தின்னும் பூச்சிகள் விறகோடு ஊர்விட்டு ஊர் பரவும் என்பதால் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டாம் என்கிறார்கள்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். முதல் இரவு ஏரியிலிருந்து ஒரு நீண்ட ஓலம். மூத்தவள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். லூன் என்ற நீர்ப்பறவை அது. விடிய, பனிமூட்டம் விலகும் நேரம் கரைக்கு வெகு கிட்ட வந்தது. கறுத்தத் தலை, சிவந்த கண், முதுகு முழுக்கச் சதுரங்கப் பலகைபோல வெள்ளைக் கட்டங்கள். பணப்பையிலிருந்து ஒரு டொலர்க் குற்றியை எடுத்து அவள் கையில் வைத்தேன். 1987-இல் இருந்து அதில் இருப்பதும் இந்தப் பறவைதான். அதனால்தான் அந்தக் காசுக்கே லூனி என்று பெயர். குற்றியையும் ஏரியையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்தக் குற்றியை இன்னும் செலவழிக்கவில்லை, தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறாள்.

உன் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வருகிற கோடைக்கு வா. மே, ஜூனில் வேண்டாம், கறுப்பு ஈயும் நுளம்பும் பிள்ளைகளைத் தின்றுவிடும். ஆகஸ்ட் கடைசிதான் நல்லது. போய் இறங்கும் நாளுக்குச் சரியாக ஐந்து மாதம் முன்பு, காலை ஏழு மணிக்குப் பதிவு திறக்கும். நல்ல இடங்கள் உடனே போய்விடும். அதனால் மார்ச்சுக்கு முன்பு திகதியைச் சொல்லிவிடு. முடிந்தால் மாமியையும் கூட்டிக்கொண்டு வா. பக்கத்துப் பக்கத்து இடமாக இரண்டு எடுக்கச் சொல்லி அம்மா இப்போதே நிற்கிறார். மேடு பள்ளம் பார்க்கிறது தன் பொறுப்பாம்.

அன்புடன்,
உன் சுகி