ஒரு கரையையாவது விட்டுவையுங்கள்

ஆசிரியருக்கு,

ஜூன் 12 மேட்டூர் அணைத் திறப்பை முன்னிட்டு டெல்டாவில் தூர்வாரும் பணிகள் நடப்பது பற்றிய செய்தியைப் படித்தேன். கடைமடைக்குத் தண்ணீர் போக வேண்டும் என்பதில் விவசாயியான எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் தூர்வாருவது என்றாலே இரு கரை நாணலையும் மொட்டையடிப்பது என்றாகிவிட்டது. காவிரியின் நீர்நாய்கள் அந்த நாணல் புதர்களிலும் கரைப் பொந்துகளிலும்தான் குட்டி போடுகின்றன. இவை போன்ற ஆற்று உயிர்களையும் மனதில் வைத்துத்தான் 2022-ல் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் 686 சதுர கி.மீ. பரப்பில் காவிரி தெற்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. சரி, அந்த எல்லைக்குக் கீழே ஓடுவதும் அதே ஆறுதானே? திருவையாறு பக்கம் எங்கள் படித்துறைக்கு எதிரே விடியற்காலையில் கூட்டமாக மீன் பிடித்த நீர்நாய்கள், கரையை இயந்திரம் வழித்த பிறகு கண்ணில் படுவதே அரிது. (வலை கிழிவது நின்றதில் மீன் பிடிப்பவர்களுக்குச் சந்தோஷம்தான், அது வேறு கதை!)

மண்மேட்டை எடுக்கட்டும். ஆனால் ஒரு முறைக்கு ஒரு கரை நாணலை மட்டும் வெட்டலாம். நீர்நாய் பொந்துகள் எங்கே என்று உள்ளூர் வலைக்காரர்களிடம் கேட்டு, ஒப்பந்தப் புள்ளியிலேயே அந்த இடங்களை விலக்கிக் குறிக்க வேண்டும்.

- ஒரு வாசகர், திருவையாறு