கொரொஸ்தியேத்தாவைப் பற்றி எழுதத் துணை நின்றவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

மெக்சிகோவில் கத்தோலிக்கத் திருச்சபையை ஒடுக்கிய அரசை எதிர்த்துக் கத்தோலிக்கர்கள் 1926 முதல் 1929 வரை நடத்திய கிறிஸ்தேரோ போரில் கிளர்ச்சிப் படைக்குத் தலைமை தாங்கிய தளபதி என்ரிக்கே கொரொஸ்தியேத்தாவைப் பற்றிய என் நெடுங்கட்டுரை ஒருவழியாக நிறைவுற்றது. உங்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுதுவதே முறை. ஆயினும் ஒருவர் செய்த உதவி மற்றவருக்கும் தெரிய வேண்டும் என்று விரும்பியதால் இதைப் பொது மடலாக எழுதுகிறேன். விடுபட்டவர்கள் பொறுத்தருள்க.

எழுதத் தொடங்கியபோது என் கையில் கச்சிதமான ஒரு கதை இருந்தது. கடவுள் நம்பிக்கையற்ற ஓர் அதிகாரி கூலிக்குப் படை நடத்த வந்து, ஜெபமாலை ஏந்திய உழவர்களின் நடுவே மனம் மாறினார் என்பது அக்கதை. அவர் சபுல்தெபெக் இராணுவக் கல்லூரியில் பயின்றவர், சர்வாதிகாரி ஹுவெர்தாவின் படையில் பணியாற்றியவர். 1927-இல் கிளர்ச்சியை நடத்திய கத்தோலிக்க அமைப்பான சமய உரிமைக் காப்புக் கழகம் அவரை அமர்த்தியபோது மாதம் 3,000 பெசோ ஊதியம் பேசப்பட்டதாகவும் சொல்வார்கள். எல்லாம் கதைக்குத் தோதாக இருந்தன. அதைக் குலைத்தவர் எனக்கு ஸ்பானிய மொழி கற்பித்த அம்மையார். தளபதி தம் மனைவிக்கு எழுதிய கடிதங்களை அவர் வரி வரியாக வாசித்துப் பொருள் சொல்லச் சொல்ல, நான் வரைந்து வைத்திருந்த நாத்திகர் மெல்ல மறைந்துபோனார். இறைவனிடம் தம்மை ஒப்புவிக்கும் சொற்கள் அக்கடிதங்களில் வெகு இயல்பாக வருகின்றன. அவரை நம்பிக்கையற்றவர் என்று எழுதியோரும் உண்டு, குடும்பத்தார் அதை மறுத்ததும் உண்டு. அம்மையாரின் பொறுமையால் நான் இரண்டையும் எழுதினேன். நாற்பது பக்கம் குப்பைக்குப் போயிற்று, அதற்கும் அவருக்கு நன்றி.

மெய்ப்புத் திருத்திய நண்பரோடு ஒரே ஒரு சொல்லுக்காக இரண்டு வாரம் வாதிட்டேன். அன்றைய குடியரசுத் தலைவர் காயேஸின் அரசை நான் ‘மதச்சார்பற்ற அரசு’ என்றே எழுதிக்கொண்டு போனேன். அச்சொல்லைக் கேட்கும் தமிழ் வாசகர் எல்லாச் சமயங்களையும் சமமாக நடத்தும் அரசைத்தான் நினைப்பார் என்று அவர் தடுத்தார். 1917-ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 130-ஆம் பிரிவு திருச்சபைக்குச் சட்ட ஆளுமையே இல்லை, அதாவது சட்டத்தின் கண்ணில் அது ஓர் அமைப்பே அன்று என்றது. குருமாருக்கு வாக்குரிமை இல்லை. எத்தனை குருக்கள் இருக்கலாம் என்பதை மாநிலங்களே வரையறுக்கலாம். 1926 ஜூலை 31 அன்று நடைமுறைக்கு வந்த காயேஸ் சட்டமோ, பொதுவெளியில் குருவின் அங்கி அணிந்தால் 500 பெசோ அபராதம் என்றது. அதை எதிர்த்து அதே நாளில் ஆயர்கள் நாடெங்கும் பொது வழிபாட்டை நிறுத்திவைத்தனர். இத்தனையையும் அடுக்கிவிட்டு, ‘இதற்குப் பெயர் சார்பின்மையா?’ என்று நண்பர் கேட்டார். கட்டுரையில் இப்போது ‘திருச்சபை எதிர்ப்பு அரசு’ என்று இருப்பது அவரால்தான். முன்னுரையில் மட்டும் பழைய சொல்லை விட்டுவைத்திருக்கிறேன். அந்த இடத்தில் அவர் தோற்றார் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

படை நடத்தும் கலையை எனக்குப் புரியவைத்தவர் பணி ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர். இருப்புப்பாதையும் நகரங்களும் அரசுப் படையின் கையில் இருக்க, ஹாலிஸ்கோ மாநிலத்தின் லோஸ் ஆல்தோஸ் மேட்டுநிலத்தில் தனித்தனியே போரிட்டுக்கொண்டிருந்த குதிரைவீரர்களை ஒழுங்குபட்ட படைப்பிரிவுகளாக்கியதுதான் கொரொஸ்தியேத்தாவின் அருஞ்செயல் என்றார் அவர். இவர்களுக்கு வீரம் குறையவில்லை, தோட்டாதான் குறைந்தது என்று சொல்லி, அந்தப் பற்றாக்குறையை மனத்தில் வைத்தே ஒவ்வொரு சண்டையையும் படிக்கச் சொன்னார்.

தோட்டா எப்படி வந்தது என்பதைக் காட்டியவர் அம்மாநிலத் தலைநகர் குவாதலஹாராவில் வாழும் ஒரு மூதாட்டி. 1927 ஜூன் 21 அன்று அந்நகரை அடுத்த சபோபானில் கிளர்ச்சியாளருக்கு உதவத் தொடங்கப்பட்ட புனித ஜோன் ஆஃப் ஆர்க் மகளிர் படையணியில் அவருடைய தாயார் இருந்தாராம். உடைக்குள் அணியும் உள்சட்டை ஒன்றை எப்படித் தைத்தார்கள் என்று ஒரு பழைய துணியை மடித்துக் காட்டினார்: விரல் அகலத்தில் நெருக்கமான பைகள், ஒவ்வொன்றிலும் ஒரு தோட்டா, எடை முழுவதும் தோளில் இறங்கும்படி இரட்டைத் தையல். அதை அணிந்து இரயிலில் வந்த பெண்கள் வழியெல்லாம் நிமிர்ந்தே உட்கார்ந்திருக்க வேண்டும். சாய்ந்தால் உலோகம் உரசும் ஓசை கேட்டுவிடும் என்றார். கட்டுரையின் மிக நல்ல பத்தி அவர் தந்தது, நான் எழுதியது அன்று.

நூலகத்திலிருந்து பழைய நாளிதழ்ப் படிகளைத் தேடி அனுப்பியவருக்கு ஒரு திருத்தத்துக்காகவும் நன்றி சொல்ல வேண்டும். தளபதி இறந்ததும் கிளர்ச்சி தோற்றது என்று எழுதியிருந்தேன். அவர் தேதிகளை வரிசைப்படுத்தி அனுப்பினார். கொரொஸ்தியேத்தா 1929 ஜூன் 2 அன்று அதோதோனில்கோ அருகே ஒரு பண்ணையில் கொல்லப்பட்டார். ஜூன் 21 அன்று, அதாவது பத்தொன்பதே நாளில், அமெரிக்கத் தூதர் டுவைட் மாரோவின் முயற்சியால் ஆயர்களும் குடியரசுத் தலைவர் போர்தெஸ் ஹில்லும் உடன்பாடு கண்டனர். களத்தில் படை தோற்கவில்லை. போரிட்டவர்களை யாரும் கலந்தாலோசிக்கவும் இல்லை. அத்தகைய பேச்சுவார்த்தையை எதிர்த்துத் தளபதியே மே மாதத்தில் ஆயர்களுக்கு எழுதியிருந்தார். படையைக் கலைக்கும் ஆணையை இடும் கடமை அவருக்குப் பின் தலைமையேற்ற தளபதி தெகோயாதோவின் தலையில் விழுந்தது. சட்டத்தில் ஓர் எழுத்தும் அன்று மாறவில்லை. 130-ஆம் பிரிவு திருத்தப்பட 1992 ஆயிற்று.

இறுதியாக, எனக்கு உதவ எந்தக் கடமையும் இல்லாத ஒருவர். அவருடைய பாட்டனார் அரசிடம் நிலம் பெற்ற உழவர். அதற்காகவே அரசின் பக்கம் நின்று கிறிஸ்தேரோக்களால் கொல்லப்பட்டவர். 1927 ஏப்ரல் 19 அன்று குருவானவர் ரெயெஸ் வேகாவின் ஆட்கள் இரயிலை மறித்துப் பயணிகளோடு எரித்த நிகழ்வைக் கட்டுரையின் அடிக்குறிப்பில் வைத்திருந்தேன். அது கொரொஸ்தியேத்தா வருவதற்கு முன் நடந்தது என்பது என் சமாதானம். ‘வந்த பிறகும் அந்தக் குருவைப் படையில் வைத்துக்கொண்டாரே?’ என்று அவர் கேட்டார். என்னிடம் விடை இல்லை. அந்நிகழ்வு இப்போது முதல் அத்தியாயத்தில் இருக்கிறது. பாட்டனாரின் பெயரை மட்டும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கட்டுரையில் எழுதவில்லை, இங்கும் எழுதவில்லை.

நன்றியுடன்,
கட்டுரையாளர்