ராக்கெட் விழும் கடலில் எண்ணெய் மேடைகள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குலசேகரன்பட்டினம் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியதிலிருந்து வேலைவாய்ப்பைப் பற்றியும் மீனவர்களுக்கு வரும் கட்டுப்பாடுகளைப் பற்றியும் நிறையப் பேசுகிறோம். பேசத்தான் வேண்டும். ஆனால் அங்கிருந்து தெற்கே போகும் ராக்கெட்டுகள் எரிந்து முடிந்த அடுக்குகளைக் கடலில்தான் கழற்றிவிடும். கன்னியாகுமரிக்கு அப்பாலுள்ள ஆழ்கடலிலோ எண்ணெய், எரிவாயு ஆய்வுக்காக ஓஎன்ஜிசிக்குத் தொகுதிகள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. இரண்டையும் சேர்த்து யாரும் பேசக் காணோம்.

இது வெறும் கற்பனைப் பயம் அல்ல. 2005 ஏப்ரலில் அமெரிக்க விமானப்படை கேப் கனாவரலிலிருந்து ஏவவிருந்த டைட்டன் ராக்கெட்டின் ஒரு பகுதி, கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக்குக் கிழக்கே கடலில் நிற்கும் ஹைபர்னியா எண்ணெய் மேடைக்கு அருகே விழக்கூடும் என்று தெரியவந்தது. பனிப்பாறை மோதினாலும் தாங்கும்படி கட்டிய மேடை அது. அப்படியிருந்தும் ஆட்களைக் கரைக்குக் கொண்டுவரும் பேச்சு எழுந்தது. மாகாண முதல்வர் டேனி வில்லியம்ஸ் வெளிப்படையாகவே கவலை தெரிவித்தார். மாத இறுதியில் ராக்கெட் கிளம்பியது. மேடைக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆட்களை இறக்கிவிட்டால் தீர்ந்தது என்று கரையில் இருப்பவர்கள் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். நான் அரபிக்கடலில் உள்ள மும்பை ஹை எண்ணெய் வயலில் வேலை பார்த்தவன். மேடையிலிருந்து கப்பலுக்குக் கிரேனில் தொங்கும் கூடையில் இறங்குவோம். அதில் பைகள்தான் உள்ளே இருக்கும். நாங்கள் வெளி விளிம்பில் நின்று கயிற்று வலையைக் கட்டிப் பிடித்துக்கொள்வோம். கீழே கப்பலின் தளம் அலையோடு ஏறி இறங்கும். ஹெலிகாப்டரும் ஆபத்து இல்லாததல்ல. அதே நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் 2009 மார்ச்சில் எண்ணெய்த் தளங்களுக்குப் போன ஹெலிகாப்டர் விழுந்து, 18 பேரில் 17 பேர் இறந்தார்கள்.

மேடையில் அடிபட்டால் என்ன ஆகும் என்பதையும் நாம் பார்த்திருக்கிறோம். 2005 ஜூலை 27 அன்று மும்பை ஹை வடக்கு மேடையில், எரிவாயு ஏறிவரும் குழாயில் ஒரு கப்பல் மோதியது. சுமார் இரண்டே மணி நேரத்தில் மேடை முழுவதும் எரிந்து அழிந்தது. 22 உயிர்கள் போயின. முதல் நாள் பெருமழையில் மும்பை மூழ்கிக் கிடந்ததால் ஹெலிகாப்டர் உதவியும் உடனே கிடைக்கவில்லை.

2025 ஜனவரியில் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஸ்டார்ஷிப் ராக்கெட் வெடித்துச் சிதறல்கள் கரீபியன் வானில் பரவியபோது விமானங்கள் வழிமாறிப் பறந்தன. படகும் விலகிக்கொள்ளும். கிணற்றோடு பிணைந்த மேடை எங்கே போகும்?

ஆகவே, துளையிடும் கலம் ஒன்றுகூட அந்தக் கடலுக்கு வருவதற்கு முன்பே, அடுக்குகள் விழும் பகுதிகளின் வரைபடத்தை இஸ்ரோவும் பெட்ரோலியத் துறையும் ஒன்றாக உட்கார்ந்து வரைந்து வெளியிட வேண்டும். கிணற்று வால்வுகளை மூட எத்தனை நாள் முன்னறிவிப்பு என்பதும் அதில் இருக்க வேண்டும். பாதை குறுக்கிட்டால் தள்ளிப்போக வேண்டியது ராக்கெட்தான். அதற்கான செலவையும் ஏவுகிறவர்களே ஏற்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற எண்ணெய் மேடைப் பணியாளர்,
திருச்செந்தூர்.