ஃபார்மட் போடும் முன் பிழைப் பதிவைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை கடலோர அலுவலகங்கள், மீனவர் சங்கங்கள், கணினி மையங்கள் என எங்கே போனாலும் கேட்கிற புகார் இது. ஃபோல்டரைத் திறந்ததும் திரை ஒரு கணம் வெளுக்கிறது, கீழே இருக்கும் டாஸ்க்பார் மறைகிறது. சில விநாடிகளில் டாஸ்க்பார் திரும்பி வந்துவிடுகிறது. திறந்து வைத்திருந்த ஃபோல்டர்களைத்தான் காணோம். நாளைக்கு நாலு தடவை இப்படி ஆனதும் சர்வீஸுக்குச் சொல்லி அனுப்புகிறார்கள். வருகிறவர் ஃபார்மட் போட்டு விண்டோஸை மறுபடி ஏற்றிவிட்டுப் போகிறார். பத்து நாளில் பழைய கதைதான். டெஸ்க்டாப்பில் கிடந்த ஸ்கேன் கோப்புகள் மட்டும் போனது போனதுதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த நேரத்தில் ஸ்கேன் செய்து வைத்த ரேஷன் அட்டையும் வங்கிப் புத்தகமும் அழிந்துபோனால், பாம்பனிலிருந்தோ தங்கச்சிமடத்திலிருந்தோ மறுபடி பஸ் ஏறி வந்து வரிசையில் நிற்க வேண்டியவர் தடைக்கால நிவாரணத்துக்கு விண்ணப்பித்த மீனவர். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை.

ஃபார்மட் போட்டும் ஏன் திரும்ப வருகிறது? இப்படி விழுவது ஃபைல் எக்ஸ்ப்ளோரர் என்ற விண்டோஸ் புரோகிராம். அது ஃபோல்டரைக் காட்டும் ஜன்னல் மட்டும் அல்ல. டெஸ்க்டாப்பும் டாஸ்க்பாரும் அதே புரோகிராம்தான். அதனால்தான் அது விழும்போது மூன்றும் சேர்ந்து விழுகின்றன. வெளி மென்பொருள்கள் பலவும் தங்கள் துண்டு ஒன்றை இதற்குள் செருகி வைக்கின்றன. வலது கிளிக் மெனுவில் ஜிப் மென்பொருள், பிடிஎஃப் மென்பொருள், ஆன்ட்டிவைரஸ், ஸ்கேனர் எல்லாம் தத்தம் வரியைக் காட்டுவது அந்தத் துண்டுகளால். அவை எக்ஸ்ப்ளோரருக்கு உள்ளேயே ஓடுவதால், ஒன்று தவறினால் வீடே சாய்கிறது. ஃபார்மட் முடிந்த அன்று மாலையே அதே சிடியிலிருந்து அதே பழைய ஸ்கேனர் மென்பொருளைத் திரும்பப் போடுகிறோம். நோய் திரும்பி வராமல் என்ன செய்யும்?

எது தவறியது என்பதை விண்டோஸே எழுதி வைக்கிறது. ஸ்டார்ட் பட்டன் மேல் வலது கிளிக் செய்து ‘ஈவென்ட் வியூவர்’ திறங்கள். இடப்பக்கம் ‘விண்டோஸ் லாக்ஸ்’, அதற்குள் ‘அப்ளிகேஷன்’. எக்ஸ்ப்ளோரர் விழுந்த நேரத்துக்கு நேரே சிவப்புக் குறியோடு ‘எரர்’ என்று ஒரு வரி இருக்கும். சோர்ஸ் ‘அப்ளிகேஷன் எரர்’, ஈவென்ட் ஐடி 1000. விழாமல் உறைந்து நின்றிருந்தால் ‘அப்ளிகேஷன் ஹேங்’, ஐடி 1002. ஐடி 1000 வரியைக் கிளிக் செய்தால் கீழே விவரம் விரியும். முதலில் ‘ஃபால்டிங் அப்ளிகேஷன் நேம்’ என்று எக்ஸ்ப்ளோரரின் பெயர். அதற்கு அடுத்தது ‘ஃபால்டிங் மாட்யூல் நேம்’, அதாவது எந்தத் துண்டில் தவறு நடந்ததோ அதன் பெயர். நமக்கு வேண்டியது இதுதான். அதற்கும் கீழே ‘எக்ஸெப்ஷன் கோட்’ என்று பெரும்பாலும் சி0000005 என முடியும் எண் வரும். தனக்கு உரிமையில்லாத நினைவக இடத்தைத் தொட்டது என்று மட்டுமே அதற்கு அர்த்தம். அதைப் பார்த்து வைரஸ் என்று பயப்பட வேண்டாம். ‘ஃபால்டிங் மாட்யூல் பாத்’ என்ற வரி, அந்தத் துண்டு எந்த ஃபோல்டரில் குடியிருக்கிறது, அதாவது எந்த மென்பொருளோடு வந்தது என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரு பதிவோடு நிறுத்திவிடாதீர்கள். குறைந்தது ஐந்து விழுகைகளின் மாட்யூல் பெயரைத் தேதி, நேரத்தோடு தாளில் எழுதுங்கள். ஐந்திலும் ஒரே வெளி நிறுவனத்தின் பெயர் வந்தால் விசாரணை முடிந்தது. அந்த மென்பொருளைப் புதுப்பியுங்கள், இல்லையேல் நீக்குங்கள். விண்டோஸின் சொந்த மாட்யூல்களான என்டிடிஎல்எல், கெர்னல்பேஸ் போன்றவை வந்தால் அவற்றைக் குற்றவாளி என்று முடிவு கட்ட வேண்டாம். வேறொருவர் செய்த தப்பு அங்கே வந்து வெளிப்பட்டிருக்கலாம். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பெயர் வந்து, கூடவே பிரவுசரும் வேர்டும் விழுந்தால், மென்பொருளை விட்டுவிட்டு ரேமை, அதாவது பெட்டிக்குள் செருகியிருக்கும் நினைவக அட்டையைப் பாருங்கள். அது பற்றிப் பின்னால் சொல்கிறோம்.

எதைச் செய்யும்போது விழுகிறது என்பதும் நல்ல சாட்சி. வலது கிளிக் செய்தவுடன் விழுந்தால் பெரும்பாலும் மெனுவில் செருகிய துண்டுதான் காரணம். விண்டோஸ் 11-இல் முதல் மெனு வரும்போது ஒன்றும் ஆகாமல், ‘ஷோ மோர் ஆப்ஷன்ஸ்’ அழுத்தும்போது மட்டும் விழுவதும் உண்டு. பழைய துண்டுகள் பெரும்பாலும் அந்த இரண்டாவது மெனுவில்தான் இருக்கின்றன. இதைப் பிடிக்க நிர்சாஃப்ட் வெளியிடும் ‘ஷெல்எக்ஸ்வியூ’ என்ற இலவசக் கருவி போதும். 64 பிட் விண்டோஸுக்கு 64 பிட் பதிப்பையே இறக்குங்கள். இல்லாவிட்டால் பாதித் துண்டுகள் கண்ணில் படாது. அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, ஆப்ஷன்ஸில் மைக்ரோசாஃப்ட் துண்டுகளை மறைத்துவிடுங்கள். மிச்சம் 16 இருக்கிறது என்று வையுங்கள். ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தால் பொழுது போய்விடும். எட்டைத் தேர்ந்தெடுத்து எஃப்7 அழுத்தி அணையுங்கள். பிறகு கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரில் ‘விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர்’ மேல் வலது கிளிக் செய்து ‘ரீஸ்டார்ட்’ கொடுத்துச் சோதியுங்கள். விழவில்லை என்றால் குற்றவாளி அணைத்த எட்டில் இருக்கிறது; விழுந்தால் மற்ற எட்டில். இப்படிப் பாதி பாதியாகப் பிரித்தால் நாலே சோதனையில் ஆள் அகப்படும். மற்றவற்றை எஃப்8 அழுத்தித் திரும்ப எழுப்பிவிடலாம்.

குறிப்பிட்ட ஒரு ஃபோல்டரில் மட்டும் விழுந்தால் அங்கே இருக்கும் கோப்புகளைச் சந்தேகியுங்கள். ஆயிரக்கணக்கான ஸ்கேன் படங்களை ஒரே ஃபோல்டரில் குவித்து, பெரிய படங்களாகப் பார்க்கும்படி வைத்திருப்பார்கள். பாதியில் நின்றுபோன ஒரு பிடிஎஃப், கெட்டுப்போன ஒரு படம் போதும். வியூவை ‘டீடெய்ல்ஸ்’ ஆக்குங்கள். வலப்பக்க முன்னோட்டப் பலகையை ஆல்ட்டோடு பி அழுத்தி மூடுங்கள். ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் ‘ஆல்வேஸ் ஷோ ஐகான்ஸ், நெவர் தம்ப்நெயில்ஸ்’ என்பதை டிக் செய்யுங்கள். ஃபோல்டரின் பிராப்பர்ட்டீஸில் ‘கஸ்டமைஸ்’ பக்கம் போய் ‘ஜெனரல் ஐட்டம்ஸ்’ என்று மாற்றுங்கள். அதன்பின் விழவில்லை என்றால், பாதிக் கோப்புகளை வேறு ஃபோல்டருக்கு நகர்த்தி, மேலே சொன்ன அதே பாதி முறையில் கெட்ட கோப்பைக் கண்டுபிடிக்கலாம்.

விழாமல், மேலே பச்சைக் கோடு மெல்ல ஊர்ந்துகொண்டே இருந்தால் பெரும்பாலும் இல்லாத ஒன்றை அது தேடுகிறது. மாற்றிவிட்ட பழைய சர்வரின் நெட்வொர்க் டிரைவ் ‘திஸ் பிசி’யில் சிவப்புப் பெருக்கல் குறியோடு கிடக்கும், அதை ‘டிஸ்கனெக்ட்’ செய்யுங்கள். குவிக் ஆக்ஸஸில் பின் செய்த பழைய ஃபோல்டர்களையும் எடுத்துவிடுங்கள்.

இனி இந்தக் கடற்கரைக்கே உரிய காரணம். சர்வீஸுக்கு வருபவர்கள்கூட இதை எளிதில் மறந்துவிடுகிறார்கள். 1914-இல் கட்டிய பாம்பன் ரயில் பாலத்தின் இரும்பை என்ன பாடு படுத்தியதோ, அதே உப்புக்காற்றுதான் சிபியு பெட்டியின் விசிறி வழியாக நாள் முழுவதும் உள்ளே போகிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்புத்தூள் தானாகவே நீரை இழுத்துக் கசியும். மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடியில் பார்ப்பது அதுதான். பகலில் ஏசியில் காய்ந்து கிடக்கும் உப்புத்தூள், மாலையில் ஏசியை நிறுத்திவிட்டுப் போனபின் இரவு ஓதத்தில் கசிந்து, ரேமின் தங்கப் பூச்சில் உள்ள நுண்துளைகள் வழியே கீழே இருக்கும் உலோகத்தை அரிக்கிறது. டிடிஆர்4 ரேமில் 288 தொடுமுனைகள். ஒன்று சரியாகத் தொடாவிட்டாலும் எக்ஸ்ப்ளோரர் காரணமில்லாமல் விழலாம். காலையில் சிஸ்டம் போட்ட முதல் அரைமணி நேரத்தில் அதிகம் விழுந்து, சூடேறியபின் குறைந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

சுத்தம் செய்ய: சிஸ்டத்தை நிறுத்தி, பிளக்கை உருவி, பவர் பட்டனை ஐந்து விநாடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வெளியேற்றுங்கள். பெட்டியின் வெற்று உலோகத்தை ஒரு முறை தொட்டுக்கொள்ளுங்கள். ரேமின் பூட்டைத் தள்ளி, ஓரங்களைப் பிடித்துத் தூக்குங்கள். தங்கக் கோடுகளில் மங்கலோ புள்ளியோ களிம்போ தெரிந்தால், மென்மையான வெள்ளை ரப்பரால் ஒரே திசையில் லேசாக இரண்டு மூன்று தடவை தேய்த்தால் போதும். அழுத்தித் தேய்த்தால் பூச்சே போய்விடும். ரப்பர் தூளை உதறி, 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட, நூல் பிரியாத துணியால் துடைத்து, பத்து நிமிடம் காயவிடுங்கள். திருப்பிப் பொருத்தும்போது பூட்டு ‘க்ளிக்’ என்று விழ வேண்டும். பெட்ரோல், துரு நீக்கும் எண்ணெய் ஸ்பிரே, ஈரத்துணி எதுவும் கூடாது. பிறகு விண்டோஸின் ‘மெமரி டயக்னாஸ்டிக்’ சோதனையை எக்ஸ்டெண்டட் முறையில் இரவு முழுவதும் ஓடவிடுங்கள். பிழை காட்டினால் ரேம்களை ஒவ்வொன்றாகப் போட்டுச் சோதித்து, கெட்டதை மாற்றுங்கள். கடலை ஒட்டிய கட்டடங்களில் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, அதிலும் வாடைக்காற்று தொடங்கும் முன் ஒரு தடவை, இந்த வேலையைச் செய்வது நல்லது.

ஹார்ட் டிஸ்க் கேபிள் முனையிலும் இதே களிம்பு பிடிக்கும். டிஸ்க்கின் நலத்தைக் காட்டும் ‘கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ’ என்ற கருவியில் சி7 என்ற வரிசையின் எண் நாளுக்கு நாள் ஏறினால் கேபிளையோ கனெக்டரையோ பாருங்கள், டிஸ்க்கை மாற்ற அவசரப்பட வேண்டாம். 05 என்ற வரிசையின் எண் ஏறினால் டிஸ்க்கே போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். அப்போது, டிஸ்க்கில் பிழை தேடும் விண்டோஸ் கருவியான செக்டிஸ்க்கை ஓட்டுவதற்கு முன் கோப்புகளை வெளி டிஸ்க்கில் நகல் எடுங்கள். சாகப்போகும் டிஸ்க்கை முழுக்கத் துருவினால் மிச்சமிருப்பதும் போகலாம்.

கரன்ட் போய்ப் போய் வந்து சிஸ்டம் பட்டென்று அணைந்தால் விண்டோஸ் கோப்புகளும் கெடலாம். இதற்கு இரண்டு கட்டளைகள் உண்டு, வரிசை முக்கியம். கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, முதலில் டிஐஎஸ்எம் கருவியை ‘ஆன்லைன்’, ‘கிளீனப்-இமேஜ்’, ‘ரெஸ்டோர்ஹெல்த்’ என்ற மூன்று சாய்கோட்டுச் சொற்களோடு ஓட்டுங்கள். இணையம் இருக்க வேண்டும். சில நேரம் 62 சதவீதத்தில் நின்றதுபோல் தெரியும், மூடிவிடாதீர்கள். அது முடிந்தபின் எஸ்எஃப்சி என்று அடித்து, இடைவெளி விட்டு, சாய்கோட்டோடு ஸ்கேன்நவ். எஸ்எஃப்சி பழுதான கோப்புக்கு மாற்று எடுக்கும் கிடங்கைத்தான் டிஐஎஸ்எம் சரிசெய்கிறது. கிடங்கே கெட்டிருக்கும்போது எஸ்எஃப்சியை எத்தனை முறை ஓட்டியும் பயன் இல்லை. யுபிஎஸ் பேட்டரியையும் சோதியுங்கள். கரன்ட் போன மறுநொடியே சிஸ்டம் அணைந்தால் அந்த யுபிஎஸ் பெயருக்குத்தான் இருக்கிறது.

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. டிரைவ் எழுத்தில் தொடங்கி ஃபோல்டர்கள், கோப்புப் பெயர் எல்லாம் சேர்த்து விண்டோஸின் வழக்கமான எல்லை 260 குறியீடுகள். அதன் கணக்கில் புள்ளியும் காலும் கொக்கியும் தனித்தனிக் குறியீடு. ‘இராமநாதபுரம்’ நமக்கு 8 எழுத்து, விண்டோஸுக்கு 12. ‘மீன்பிடித் தடைக்கால நிவாரணம்’ என்ற ஒரு ஃபோல்டர் பெயரே 28. ஃபோல்டருக்குள் ஃபோல்டராக இப்படி வைத்துக்கொண்டே போனால் நகலெடுக்கவும் அழிக்கவும் மறுக்கும். இது எக்ஸ்ப்ளோரரின் கோளாறு அல்ல; பெயரைச் சுருக்கினால் தீர்ந்தது. தமிழில் பெயர் வைப்பதை விட வேண்டியதில்லை. பெயர் மாற்ற எஃப்2 அழுத்தித் தட்டச்சு தொடங்கியதும் விழுகிறது என்றால், பழைய தட்டச்சு மென்பொருளை நிறுத்திவிட்டு விண்டோஸிலேயே இருக்கும் தமிழ் 99 விசைப்பலகையில் அடித்துப் பாருங்கள்.

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால் விண்டோஸை மறுபடி ஏற்றும் தேவை சில இடங்களில் வரத்தான் செய்யும். அப்போதும் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூன்றையும் வெளி டிஸ்க்கில் நகலெடுத்து, நகல் திறக்கிறதா என்று பார்த்தபிறகே ஃபார்மட்டில் கை வைக்க வேண்டும்.

கணினிப் பராமரிப்புக்கு ஒப்பந்தம் போடும் அலுவலகத் தலைவர்களுக்கு எங்கள் வேண்டுகோள்: சர்வீஸ் சீட்டில் ‘ஃபார்மட் செய்யப்பட்டது’ என்ற ஒற்றை வரியை ஏற்காதீர்கள். விழுந்த தேதி, நேரம், மாட்யூல் பெயர், ரேம் சோதனையின் முடிவு, கோப்புகள் எந்த டிஸ்க்கில் நகலெடுக்கப்பட்டன என்ற ஐந்தும் எழுதியிருந்தால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
கணினிப் பராமரிப்புப் பணியாளர்கள்,
மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம்