ரேம் பட்டியலை எங்களோடு சேர்ந்து படியுங்கள்: வேலூர் வட்டாரக் கம்ப்யூட்டர் கடைக்காரர்களுக்கு

வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கம் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் அண்ணன்மார்களுக்கு வணக்கம்.

குடியாத்தத்தில் கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறவன் நான். போன ஆவணியில் முகூர்த்தம் அடுத்தடுத்து வந்தது. 16 ஜிபி ரேம் போதவில்லை. அதே கம்பெனியின் 8 ஜிபி ரேம் இன்னும் இரண்டு வாங்கி, காலியாக இருந்த இரண்டு ஸ்லாட்டிலும் போட்டேன். அன்றிலிருந்து ஆல்பம் பாதியில் இருக்கும்போதே நீலத்திரை வந்து நின்றுவிடும். வாங்கிய கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். "ரேம் பட்டியல்ல இருக்குங்க, மதர்போர்டுதான் போயிருக்கும், புதுசு போட்டுடுங்க" என்றார்கள்.

வீட்டுக்கு வந்து அந்தப் பட்டியலை, அதாவது என் மதர்போர்டில் ஓட்டிப் பார்த்த ரேம்களின் பட்டியலை, நானே எடுத்துப் பார்த்தேன். என் ரேம் அதில் இருந்தது. ஆனால் அந்த வரியைக் கடைசிவரை படித்தால், ஒரு ஸ்லாட், இரண்டு ஸ்லாட் என்ற கட்டங்களில் மட்டும்தான் குறி. நான்குக்கான கட்டம் காலி. பயாஸில், அதாவது போர்டின் அடிப்படை செட்டிங் திரையில் போய், ரேமின் 3600 வேகத்தை 3200-க்கு இறக்கினேன். அதற்குப் பிறகு ஒருநாள்கூட நின்றதில்லை. நல்ல போர்டைத் தூக்கிப் போட இருந்தேன்.

க்யூ.வி.எல். என்று நீங்கள் சொல்லும் அந்தப் பட்டியல், கம்பெனிக்காரர்கள் இந்த போர்டில் இந்த ரேமை இத்தனை எண்ணிக்கையில், இந்த வேகத்தில் ஓட்டிப் பார்த்ததற்கான பதிவு. சந்தையில் இருக்கும் அத்தனை ரேமையும் யாராலும் சோதிக்க முடியாது. போர்டு வெளியாகும் சமயத்தில்தான் பெரும்பாலும் சோதிக்கிறார்கள்; பிறகு வந்த ரேம் பல அதில் ஏறுவதே இல்லை. அதனால் "பட்டியலில் இல்லை, ஓடாது" என்று ஒரு மாணவரைத் திருப்பி அனுப்புவதும் தவறு. சோதிக்கவில்லை என்பது மட்டும்தான் அதற்கு அர்த்தம்.

வேகம் கூடக்கூடத்தான் பட்டியல் முக்கியமாகிறது. டிடிஆர்4 வகை ரேமுக்கு, ரேம் தரங்களை வகுக்கும் அமைப்பான ஜெடெக் வகுத்த வேகம் 3200 வரைதான். பெட்டியில் 3600 என்று போட்டிருந்தால் அது ரேமைத் தரத்துக்கு மேலான வேகத்தில் ஓட்டும் எக்ஸ்.எம்.பி. செட்டிங்கை ஆன் செய்து, பெரும்பாலும் 1.2 வோல்ட்டை 1.35 ஆக்கி எடுக்கும் வேகம். பிராசஸருக்கும் ரேமுக்கும் நடுவில் இருக்கும் தடம்தான் சேனல்; ஒரே சேனலில் இரண்டு ரேம் உட்கார்ந்தால் அந்தத் தடத்தில் சுமை கூடும். ஏஎம்டி கம்பெனி தன் ரைசன் 7000 பிராசஸர் வரிசைக்கு, டிடிஆர்4-க்கு அடுத்து வந்த டிடிஆர்5 ரேம் இரண்டு என்றால் 5200, நான்கு என்றால் 3600 என்றுதான் கொடுத்திருக்கிறது. பிராசஸர் செய்கிறவர்களே இவ்வளவு இறக்கும்போது, கடையில் "நாலும் போடலாம், ஒண்ணும் ஆகாது" என்று எப்படிச் சொல்வது?

நான் கேட்பது பெரிய வேலை இல்லை. பில் போடுவதற்கு முன் அந்த போர்டின் பட்டியலைத் திறந்து, திரையை எங்கள் பக்கம் திருப்புங்கள். ரேமின் பெயரையும் நிறத்தையும் விட்டுவிட்டு, ஸ்டிக்கரில் இருக்கும் பார்ட் நம்பரைப் பாருங்கள். ஒரே பெயரில் வரும் ரேமுக்குள் வேறு வேறு சிப் இருக்கும். 32 ஜிபி கேட்டு வருபவருக்கு நான்கு எட்டை விட இரண்டு பதினாறு நல்லது என்று சொல்லுங்கள். பட்டியலில் இல்லாத ரேம் என்றால், ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் புரோகிராமை ஒரு ராத்திரி ஓட்டிப் பார்த்து, பிழை வந்தால் மாற்றிக்கொள்ள இடம் கொடுங்கள்.

அப்புறம், பில்லில் "ரேம் 8 ஜிபி" என்று மட்டும் எழுதாமல் பார்ட் நம்பரையும் எழுதிக் கொடுங்கள். என் பழைய பில்லில் அது இல்லை. இருந்திருந்தால் கடைக்குப் போகும் முன்பே அந்தக் காலிக் கட்டத்தைப் பார்த்திருப்பேன்.

அன்புடன்,
குடியாத்தத்திலிருந்து உங்கள் வாடிக்கையாளர் ஒருவன்