கூரைப் பணி நிதி: ஞாயிறு கூட்டம்

அன்பான சபையாருக்கு ஸ்தோத்திரம்.

நம் சபையின் இளம் குடும்பம் ஒன்று, வீடு வாங்குவதற்காக ஆண்டுக்கணக்கில் சேர்த்த பணத்தை, வருமானத்தில் 10-இல் 1 பங்கான தசமபாகத்துக்கும் மேலாக, ஆலயக் கூரைப் பணிக்குக் கொடுத்திருக்கிறது. பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், யாரும் விசாரிக்க வேண்டாம். உறையின்மேல் ‘வீட்டு முன்பணம்’ என்று எழுதி அடித்திருந்ததைக் கண்ட பொருளாளருக்கு அதை வாங்கவே கை வரவில்லை. கைக்குழந்தை உள்ள வீட்டின் சேமிப்பை மட்டும் நம்பிக் கூரை போடுவது முறையன்று என்பதால், வரும் ஞாயிறு மாலை 5 மணிக்கு ஆலய மண்டபத்தில் கூடுகிறோம்.

1. தங்களால் இயன்ற தொகையைச் சனிக்கிழமைக்குள் பொருளாளரிடம் தெரிவிக்கவும். கடன் வாங்கிக் கொடுக்க வேண்டாம்.
2. பணம் செலுத்தியதும் ரசீது பெற்றுக்கொள்ளவும்.
3. அக்குடும்பத்துக்குப் பாதித் தொகையைத் திருப்பித் தரலாமா என்று யோசித்து வரவும்.

வருவோர் இங்கேயே பதிலிடவும்.